நாகைக் கம்பியில் இரண்டு விரல்

அம்மாப்பேட்டை,
சித்திரை 27, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ராஜ்குமார் அவர்களுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடுங்கள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். இருந்தும் என் வரிகள் வாய்க்கால் வரப்பு மாதிரி வளைந்துதான் போகின்றன. 'ழ' எழுதினால் கால் மடங்கிப் படுத்த மாடு போல இருக்கிறது. அரைப் பக்கம் எழுதுவதற்குள் ஒரு பொழுது போய்விடுகிறது. மெதுவாகப் படியுங்கள். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் மாமா அய்யாக்கண்ணு, எழுபத்தொரு வயதில், தன் கையால் எழுதும் முதல் கடிதம் இது. இங்கு உங்கள் அத்தை, மகள் மலர்கொடி, பேத்தி பூமிகா மூவரும் சுகம். பூமிகாவுக்கு முன்பல் இரண்டு விழுந்து, ஒன்று முளைத்துவிட்டது. புனேயில் வெயில் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான் எழுதப் படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆவணியில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். அடுத்த தெரு வள்ளியம்மைதான் டீச்சர். பதினொரு பெண்கள், ஆண் என்று நான் ஒருத்தன். நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் கமலாம்பாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் வாரம் முழுக்க எனக்கு ஒரு சுழிகூட சரியாக வரவில்லை. "என்ன அண்ணே, ஊருக்கெல்லாம் சக்கரம் வளைச்ச கை, ஒரு சுழி வளைக்க மாட்டேங்குது?" என்றது. இரும்பென்றால் காய்ச்சி வளைப்பேன் தங்கச்சி, தாளைக் காய்ச்சினால் எரிந்துவிடுமே என்றேன். வகுப்பே சிரித்தது. பங்குனியில் பரீட்சை எழுதினேன். பாஸ். கமலாம்பாள் என்னைவிட நான்கு மார்க் அதிகம். அதை அது ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நம் பட்டறை வாசலில் 'பூவம்மாள் விவசாயக் கருவிகள்' என்று போர்டு இருக்கிறதல்லவா? முப்பத்திரண்டு வருஷமாக அதற்குக் கீழே நிற்கிறேன். அதில் உங்கள் அத்தை பெயர் இருக்கிறது என்று பெயிண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தை மாதம் ஒரு நாள் காலையில் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். உள்ளேயிருந்து உங்கள் அத்தை ஓடி வந்து, யார் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று சண்டைக்கு நின்றது. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் நான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சிமெண்ட் மூட்டை எதையும் விடுவதில்லை. சாலியமங்கலம் போகிற பஸ்ஸில் யாரையும் கேட்காமல் ஏறி இறங்கினேன். கண்டக்டருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இனி வீட்டு விஷயம். வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் தெரிகிறது. மேட்டூர் ஜூன் பன்னிரண்டில் திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்று டீக்கடையில் தினமும் பேச்சு. பேசுகிற எல்லோருக்கும் பதில் தெரிந்திருக்கிறது, ஒருவர் பதில் இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை.

பட்டறையில் நீங்கள் இருந்த இடத்தில், கம்ப்யூட்டரில் ஓடும் அந்த கட்டிங் மெஷின் மேல், உங்கள் மச்சான் வீரமணி தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். நீங்கள் போன பத்து மாதத்தில் அதை யாரும் ஓட்டவில்லை. தகடெல்லாம் பழையபடி கேஸ் கட்டரில்தான் வெட்டுகிறோம். திருச்சியிலிருந்து ஒருவர் வந்து மெஷினைப் பார்த்துப் போனார். வரும் வெள்ளிக்கிழமை லாரியோடு வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. மலர்கொடி இதை உங்களிடம் சொன்னதா தெரியாது. நீங்கள் போனதிலிருந்தே அது என்னிடம் அதிகம் பேசுவதில்லை, இந்த இரண்டு நாளாக அதுவும் இல்லை.

இதே வாரத்தில் தலைஞாயிறு பக்கத்து உழவர் குழுவிலிருந்து ஆள் வந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் நாற்பது ஜோடி கேஜ் வீல் வேண்டுமாம். அந்தக் களிமண்ணில் இரும்புச் சக்கரம் மாட்டாமல் டிராக்டரை இறக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். கையால் வெட்டினால் நாற்பது ஜோடிக்கு இரண்டரை மாதம் ஆகும். மெஷின் ஓடினால் மூன்று வாரம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்று வீரமணி அனுப்பி வைத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். முடியாது என்று சொல்லத்தான் போகிறான்.

அவன் மேல் முழுக்கக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை மாப்பிள்ளை. தகடு விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வடக்கேயிருந்து லாரியில் வருகிற சக்கரம் நம் விலையைவிடக் குறைவு. விவசாயி தண்ணீர் திறக்கும் தேதி தெரியாமல் ஆர்டர் கொடுப்பதில்லை. தேதி தெரிந்தால் எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள். இப்படி எதுவும் நிலையில்லாத நேரத்தில் மெஷினுக்குத் தவணை கட்டிக்கொண்டு, அதை ஓட்டத் தெரிந்த ஆளும் இல்லாமல் எப்படி இருப்பது என்கிறான். நல்ல காலம் வரட்டும், அப்போது வேறு வாங்கலாம் என்கிறான். எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் நல்ல காலம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்ததில்லை.

நான் முதன்முதலில் வெல்டிங் செட் வாங்கியது தண்ணீரே வராத ஒரு வருஷத்தில். அதற்கு முன்னால் எல்லாம் ஆணி அடித்து முடுக்குவதுதான். அந்த வருஷம் வேலை இல்லை, அதனால் பழக நேரம் இருந்தது. எவ்வளவு இரும்பைப் பாழாக்கினாலும் கேட்க ஆளில்லை. மறு வருஷம் ஆறு நிறைந்து வந்தபோது என் கை தயாராக இருந்தது. வேலை குவிந்து கிடக்கும்போது வாங்கியிருந்தால் பிரிக்காமலேயே மூலையில் வைத்திருப்பேன். இப்போது எழுதப் படித்ததும் அப்படித்தான். பட்டறை ஓய்வாக இருந்ததால்தான் சாயங்காலம் பள்ளிக்கூடம் போக முடிந்தது.

ஆனால் இதை மட்டும் வைத்து எந்த மெஷினும் நல்லது என்று சொல்லிவிடலாமா? சாலியமங்கலம் இராஜாங்கம் நம்மைப் போலவே துணிந்து நடவு மெஷின் வாங்கினார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அதற்கு ஏற்ற மாதிரி, பாய் போலச் சுருட்டி எடுக்கிற பாய் நாற்று விட அவர் ஊரில் யாரும் முன்வரவில்லை. ஷெட்டில் நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் அன்றைக்கு பஸ் ஏறிப் போனேன். அவரும் நானும் அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். மெஷினுக்குச் சுற்றியிருக்கிறவர்கள் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் அது வெறும் இரும்பு என்று திரும்பி வரும்போது யோசித்தேன். நம் மெஷினுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன் யார் என்றும் யோசித்தேன்.

கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

சித்திரை 30, செவ்வாய்க்கிழமை.

நாளைக்கு என்று எழுதிவிட்டு இரண்டு நாள் தாளைத் தொடவில்லை. கை வலி ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். நீங்கள் பேசும்போது மூன்று தடவை மலர்கொடியிடம் போனைக் கேட்டு வாங்கினேன். மூன்று தடவையும் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொருவரைக் கொண்டு எழுதச் சொல்லலாம் என்றால், எழுதுகிறவருக்கு முதலில் தெரிந்துவிடும். உங்களுக்கு முன்னால் அது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பேர் கொடுத்தது எதற்கு என்று ஊரில் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். உண்மைப் பதில் இந்தத் தாள்தான்.

பட்டறைச் சுவரில் மூன்று அளவுக் கம்பிகள் தொங்குகின்றன அல்லவா? ஆற்றோரத்து வண்டல் மண்ணுக்கு ஒன்று, மன்னார்குடிப் பக்கத்துக்கு ஒன்று, நாகைக் களிமண்ணுக்கு ஒன்று. எனக்கு எண் எழுதத் தெரியாததால் அரத்தால் கீறி வைத்துக்கொண்டவை. எந்த மண்ணுக்குச் சக்கரத்தில் குறுக்கே வைக்கிற பட்டை எவ்வளவு நீளம் என்று அந்தக் கம்பிதான் சொல்லும். முப்பது வருஷம் அதை வைத்துத்தான் தகட்டில் சாக்பீஸ் கோடு போட்டேன். கோடு போடுவது எப்போதும் நான் மட்டும்தான்.

மெஷின் வந்ததும் நீங்கள் என்னிடம் வந்து, "மாமா, உங்க அளவெல்லாம் குடுங்க, அப்படியே மெஷின்ல ஏத்திடறேன்" என்றீர்கள். கம்பிகளை எடுத்துக் கொடுத்தேன். டேப் வைத்து அளந்து, நாகைக் கம்பி நானூற்று இருபத்தைந்து, சரிதானே என்று கேட்டீர்கள். அந்த எண் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. புரியவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சரி என்றேன்.

கஜா புயலில் கூரைத் தகரம் விழுந்து நாகைக் கம்பியின் நுனி வளைந்துவிட்டது. நிமிர்த்தினால் ஒடியும் போலிருந்தது. வளைந்த துண்டை வெட்டிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கம்பியை வைத்துக் கோடு போடும்போதெல்லாம் நுனியில் என் இரண்டு விரலை ஒட்டி வைத்து, விரலைத் தாண்டித்தான் கோடு போடுவேன். நாளாக ஆக நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. கை அதுபாட்டுக்குச் செய்தது. நீங்கள் கேட்டபோது கம்பியைக் கொடுத்தேன், விரலைக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த அளவில் இருபத்துநாலு ஜோடி செய்தோம். பட்டை நீளம் போதாமல் கீழையூர்க் களிமண்ணில் டிராக்டர் அச்சு வரைக்கும் புதைந்தது. சக்கரங்கள் திரும்பி வந்தன. மற்ற இரண்டு கம்பி அளவில் செய்தவை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று விவசாயிகள் வாசலில் நிற்க வீரமணி உங்களைச் சத்தம் போட்டான். கம்பி அளவுதான் மச்சான், வந்து வைத்துப் பாருங்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அவன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தான். "அப்பா, நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷமா தப்பாத கம்பி இப்ப தப்புமா?"

கம்பி கைக்கு வந்ததும் என் இரண்டு விரலும் தானாக நுனிக்குப் போய் ஒட்டிக்கொண்டன. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது மாப்பிள்ளை. தெரிந்த பிறகுதான் சொன்னேன், "கம்பி தப்பாது" என்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து மாதமாக யோசிக்கிறேன். அந்நிய ஆட்கள் நின்றார்கள், வெட்கம் என்று சொல்லலாம். நாளைக்கு வீரமணியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததும் உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை. மெஷின் வந்த பிறகு கோடு போட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது தோற்றதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. ஒரு விரல்கடை அளவு சந்தோஷம். அதற்காகப் பெண் கொடுத்த வீட்டில் உங்களைத் தலைகுனிய வைத்தேன்.

அன்று மதியம் நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினீர்கள். நான் எதிர் இலையில் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிட்டு முடித்தேன். அந்த வாரமே புனேக்கு வண்டி ஏறிவிட்டீர்கள்.

வள்ளியம்மை டீச்சர் வகுப்பில் ஸ்கேல் கொடுத்து அளக்கச் சொல்லிக் கொடுத்தது. சென்ற மாதம் பட்டறையில் யாருமில்லாத நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கம்பி நானூற்று இருபத்தைந்து. நீங்கள் சொன்னதில் ஒரு மில்லிமீட்டர் தவறில்லை. கொட்டகைக்குப் பின்னால் நான் கையால் செய்த பழைய நாகைச் சக்கரம் ஒன்று கிடக்கிறது. அதன் பட்டை நானூற்று அறுபது. இரண்டுக்கும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் வித்தியாசம். நான் எனக்காக எழுதிய முதல் எண் அதுதான். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மெஷின் சொன்னபடி வெட்டியது. நீங்கள் கொடுத்தபடி வரைந்தீர்கள். தவறு என்னுடையது. பெரியவன் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பார்கள். நான் கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

வைகாசி 1, வியாழக்கிழமை.

நேற்றே தபாலில் போட்டிருப்பேன். உறையில் உங்கள் விலாசம் எழுதி ஒட்டியும்விட்டேன். தபாலாபீஸ் வாசல் வரை போனேன். உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு வீரமணியிடம் சொல்லாமல் இருந்தால், நாளைக்கு லாரி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போகும், நான் மறுபடியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன். ஒட்டிய உறையைக் கிழித்துத்தான் தாளை எடுக்க வேண்டியிருந்தது. இது வேறு உறை.

இன்று காலை டீ வந்த நேரத்தில் வீரமணியிடம் ஒரு கடுதாசி படிக்க வேண்டும், உட்கார் என்றேன். யார் போட்ட கடுதாசி என்று கேட்டான். நான் எழுதியது என்றதும் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டான். உங்கள் அத்தையும் மலர்கொடியும் வாசலில் வந்து நின்றார்கள். வேலை ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களைப் போகச் சொல்லவில்லை. உங்களைச் சத்தம் போட்டபோதும் ஆட்கள் நின்றார்கள்தானே.

நான் எழுதியதை நானே படிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. போர்டு படித்த இடத்தில் உங்கள் அத்தை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கம்பி வந்த இடத்தில் வீரமணி எழுந்துவிட்டான். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விட்ட இடத்தை மறுபடி பிடிக்க முடியாது. நான் படிக்கப் படிக்க அவன் கம்பியை எடுத்து டேப் வைத்தான். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போனான். பழைய சக்கரத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றான்.

"பத்து மாசம்ப்பா" என்றான்.

உங்கள் அத்தை வாசலிலிருந்து உள்ளே வந்தது. பாதி இலையில் எழுந்து போன மனுஷனை நினைத்துத் தனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை, பக்கத்தில் படுக்கிற மனுஷனுக்கு எப்படி இறங்கியது என்று கேட்டது. மலர்கொடி அழவில்லை. என் கையிலிருந்த தாள்களை வாங்கி வரிசையாக அடுக்கி, ஓரம் தட்டித் திருப்பிக் கொடுத்தது. "'நானூற்று'ன்னு சரியாத்தான் எழுதியிருக்கீங்கப்பா" என்றது. பத்து மாதத்தில் அது என்னிடம் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

சாப்பாட்டுக்குப் பிறகு வீரமணி திருச்சிக்காரருக்குப் போன் செய்து நாளைக்கு வர வேண்டாம், இந்த மாதம் போகட்டும் என்று சொன்னான். விற்கவே போவதில்லை என்று சொல்லவில்லை. தலைஞாயிற்றுக்காரர்களுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தண்ணீர் பயமும் தகடு விலை பயமும் அப்படியேதான் இருக்கின்றன. நான் கடுதாசி படித்ததால் அவை எங்கே போய்விடும்? ஆனால் சாயங்காலம் தார்ப்பாயை எடுத்துவிட்டு மெஷினைத் துடைத்தான். ஸ்விட்சைப் போட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. பிறகு என்னிடம் வந்தான்.

"கடுதாசில ஒரு வரி சேருங்கப்பா. பாஸ்வேர்டு என்னன்னு கேட்டு எழுதுங்க."

நான் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதற்குள், "இல்ல, அப்படி எழுத வேணாம். மச்சானே வந்து போட்டுக்கட்டும்னு எழுதுங்க" என்றான்.

அவன் சொன்னபடி எழுதிவிட்டேன் மாப்பிள்ளை. அவன் கையில் போன் இருந்தது, உங்கள் நம்பரும் அதில் இருந்தது. இருந்தும் என்னை எழுதச் சொன்னான்.

அங்கே உங்களுக்கு நல்ல வேலை, மரியாதையான இடம் என்று மலர்கொடி சொல்கிறது. அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. எங்கே இருந்தாலும் உங்கள் கை தொட்ட வேலை துலங்க வேண்டும், உங்கள் பேச்சுக்கு நாலு பேர் முன்னால் மதிப்பு இருக்க வேண்டும். அம்மன் துணை இருக்கட்டும்.

நாகைக் கம்பியை நான் இனிச் சுவரில் மாட்டப்போவதில்லை. மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு சீட்டுக் கட்டி, 'இதோடு 35 சேர்க்கவும்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும், அது சரியா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இதற்குப் பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வரும் வாரமும் தபாலாபீஸ் போவேன். தாள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாமா
அய்யாக்கண்ணு
(இது கைநாட்டு இல்லை, கையெழுத்து)